ஊதாப் போத்தல்

நாக்குக்கு அடியில் விட்ட எண்ணெய் தேசிக்காய்த் தோல் மணத்தது. யோகாம்பிகை துளிக்குழாயைக் கையில் பிடித்தபடி குசினி மேசையோடு சாய்ந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை, விழுங்கவும் இல்லை. மணம் என்று ஒன்று அவளிடம் வந்தே எத்தனையோ நாளாகிவிட்டது. வயிற்றில் வந்த புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கின பிறகு முதலில் போனது கால்கள், மார்கழி தொடங்க மணமும் ருசியும் போயின. சோறு தகரம், தேத்தண்ணி தகரம், பச்சைத் தண்ணீரும் தகரம். வாய்க்குள் யாரோ பழைய சில்லறைக் காசைப் போட்டு வைத்தது மாதிரி. இப்போது தை மாதத்து மத்தியானம், பதினோராம் மாடி, யன்னலுக்கு வெளியே கனடாவின் ஸ்காபரோ முழுக்க ஸ்நோ விழுந்துகொண்டிருக்கிறது, எங்கிருந்தோ ஒரு தேசிக்காய், எலுமிச்சையின் அந்தப் புளிப்பு மணம். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். மணக்குது, மணக்குது என்று மனது ஒருதரம் எழும்பியது. பிறகுதான் கையில் இருந்த போத்தலைப் பார்த்தாள். ஊதா லேபல். ஊதா ஒருநாளும் தேசிக்காய் மணத்ததில்லை, மணமும் ருசியும் போவதற்கு முந்தி அவள் அதை எத்தனையோ தரம் மணந்து பார்த்திருக்கிறாள், அது மிளகும் ஈர மண்ணும் கலந்த மணம். தேசிக்காய் மணப்பது மஞ்சள் லேபல் போத்தல். மஞ்சளை இந்த வீட்டுக்குள் இனி எடுக்கவே கூடாது என்று அவள் கந்தசஷ்டி முடிந்த அடுத்த நாளே சொல்லியிருந்தாள். ஆனால் அதற்குள் எண்ணெய் போய்விட்டது. விழுங்கினதா, தானாக இறங்கினதா என்று தெரியவில்லை, நாக்குக்கு அடியில் இப்போது ஒன்றும் இல்லை.

இரண்டும் கஞ்சா எண்ணெய்தான். இந்த நாட்டில் சட்டம் விட்டிருக்கிறது, டொக்டரும் ஓம் என்றுதான் சொன்னவர், ஒளிச்சு மறைச்சுச் செய்கிற காரியமில்லை, ஆனாலும் அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்வதில்லை. கடையில் ஒவ்வொரு சாதிச் செடிக்கும் நீட்டு நீட்டாக ஆங்கிலத்தில் பெயர், ஏதோ குதிரைப் பந்தயத்துக் குதிரைகளுக்கு வைக்கிற மாதிரி. அவளுக்கு ஊதாவும் மஞ்சளும் போதும். சும்மாதான் நின்றாள். நிற்கிறாள் என்பதையே குனிந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பாதங்கள் நிலத்தைத் தொடுவது தெரியாது. தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு தலையணை மேல் நடக்கிற மாதிரி ஒரு நடை. தொடுவது தெரியாத அந்தக் காலுக்குள்தான் நோ இருக்கிறது என்பதை யாருக்கு விளங்கப்படுத்துவது. விரல்களுக்கு உள்ளே முசுறு எறும்பு ஓடும், ஓடி ஓடிக் கடிக்கும், பொழுதுபட்டால் இன்னும் உசாராகும். மரத்ததும் அதே கால், கடிபடுவதும் அதே கால். இன்னும் இரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும். நரம்பைக் கெடுப்பது அந்த மருந்துதான், நோயைப் பிடித்து வைத்திருப்பதும் அதேதான். போனமுறை டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார், கால் நோவைத் தாங்க முடிகிறதென்றால் தொடரலாம், நித்திரையே இல்லையென்றால் இந்த மருந்தை நிறுத்த வேண்டி வரும், வேறு ஒன்று இருக்கிறது, ஆனால் இதைப்போல் இல்லை. இதைப்போல் இல்லை என்று சொல்லும்போது அவர் தன் பேனையைப் பார்த்தார். நாளைக்கு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று காலைவரை பதில் அவளிடம் கைவசம் இருந்தது: தாங்கலாம், ஊதா இருக்கிறது.

கதிரையில் இருந்தாள். எண்ணெய் வேலை செய்ய ஒரு மணித்தியாலம் எடுக்கும், சிலவேளை கூடவும் எடுக்கும், அது எப்போதும் தெரிந்த கணக்கு. ஊதா என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தில் ரீவியைப் போட்டுவிட்டுக் கிடப்பாள், எறும்புகள் ஒவ்வொன்றாகப் படுக்கும். மஞ்சள் என்றால். மஞ்சள் என்றால் அந்தக் குளியலறை நிலம். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைக்கக் கூடாது என்றதே போதுமாயிருந்தது. கந்தசஷ்டி ஐந்தாம் நாள். ஒருநேரம் பாலும் பழமும், மற்றப்படி தண்ணீர், மருந்து ஏற்றுகிற உடம்பை வைத்துக்கொண்டு. மகளுக்குச் சொல்லவில்லை, டொக்டருக்குச் சொல்லவில்லை. குலசிங்கம் மட்டும், அவள் புருஷன், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உமக்கு விசர்," என்று சொல்லிவிட்டுப் போனார். விரதம் முருகனோடு அவள் போட்ட பேச்சு, நடுவில் டொக்டர் எதற்கு. அன்றைக்குப் பின்னேரம்தான் முதல்முதலாக மஞ்சளை எடுத்தாள், வெறும் வயிற்றில். முதலில் நல்லாய்த்தான் இருந்தது. பிறகு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது, காதுக்குள் அடித்தது, பல்லுக்குள் அடித்தது. குளியலறை நிலத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தபோது அவளுக்கு ஒரேயொரு கவலைதான் இருந்தது, யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் விட்டுவந்த சுன்னாகத்து வீட்டு முன்கதவைப் பூட்டினேனா. உரப்பையில் இரண்டு சேலையும் மகளுடைய பால்மாப் பேணியும் கட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக வெளிக்கிட்ட அன்று கதவைப் பூட்டினேனா. இப்போது யாரோ உள்ளே நடக்கிறார்கள், சப்பாத்தோடு நடக்கிறார்கள், சாமி அறைக்குள் நடக்கிறார்கள். கதவும் இல்லை, சாமி அறையும் இல்லை, அந்த வீடு இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை என்று அவளுக்கு நல்லாகத் தெரியும், தெரிந்தும் கேட்டாள். "கதவைப் பூட்டினீங்களோ?" குலசிங்கம் நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தார். "பூட்டினனான்." கொஞ்ச நேரத்தில் திரும்பவும், "கதவைப் பூட்டினீங்களோ?" "பூட்டினனான், யோகம். திறப்பு என்னட்டத்தான் இருக்கு." எத்தனை தரம் கேட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஒருதரமும் சலிக்கவில்லை என்பது மட்டும் தெரியும், வாழ்க்கையில் அவர் சலிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்தது ஊதா. கடைக்காரப் பெட்டை சொன்னதாம், இது படுக்க வைக்கிற சாதி, அது எழுப்பி விடுகிற சாதி, அன்ரிக்கு எழுப்பி விடுகிறது ஒத்துவராது என்று. குலசிங்கம் அந்தக் கடைக்குப் போகிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மீன்கடைக்கு முன்னால் காரை விட்டுவிட்டு, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு, புடைவைக்கடை, பேக்கரி எல்லாம் தாண்டி நடந்து போவார், கோயில் நிர்வாகத்தில் இருந்த மனுசன், யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள். ஒருநாள் கோயில் ஆளொருவர் அந்தக் கடைக்கு உள்ளேயே நின்றாராம், இரண்டு பேரும் ஒருவரையொருவர் காணாத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார்களாம். ஊதாவை அவள் விரதமில்லாத நாளில், சோறு சாப்பிட்டுவிட்டு எடுத்தாள். எறும்புகள் படுத்தன. அன்றைக்கு அவள் விடியும்வரை நித்திரை கொண்டாள், எழும்பினபோது யாரோ தன்னை மன்னித்துவிட்டது போல இருந்தது. டொக்டரிடம் ஊதாவைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. பெயர் வளர்க்கிறவர்கள் வைக்கிறது, ஒரே பெயரில் இரண்டு தோட்டத்தில் வருவது இரண்டு மாதிரி இருக்கும், வேறு பெயரில் வருவது ஒன்றாகவும் இருக்கும், இந்த நோவுக்கு இந்தச் சாதி என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் போதிய ஆதாரம் இல்லை, எவ்வளவு எடுக்கிறீர்கள், எப்படி இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். அவருக்கென்ன, அவர் அந்த நிலத்தில் கிடந்தவரா. முதல் தரம் எடுத்த அன்று ஏதாவது சாப்பிட்டிருந்தீர்களா என்றும் கேட்டார். ஓம் என்றாள். அந்த ஓம் இன்னும் தொண்டைக்குள் ஒரு மீன்முள்ளாகக் கிடக்கிறது, விழுங்கும்போதெல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள், இருக்கும்.

இத்தனைக்கும் பெயரைப் பற்றி அவளுக்கு யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் அவள் பாண் சுடுகிற ரொட்டிப் பக்டரியில் நின்றவள். ஒரே மா, ஒரே அடுப்பு, ஒரே பாண் வரிசையாக வரும். ஒரு மணி அடித்ததும் சுப்பவைசர் வந்து பையை மாற்றுவான், அதுவரைக்கும் வெள்ளைப் பை, அதற்குப் பிறகு நீலப் பை, விலை மட்டும் ஒன்றரை மடங்கு. வெள்ளைப் பையை வாங்குங்கோ என்று வீட்டில் எத்தனை தரம் சொன்னாலும் குலசிங்கம் கேட்கமாட்டார், நீலப் பைப் பாண்தான் மெத்தென்று இருக்குமாம், வெள்ளைப் பை வறண்டு கிடக்குமாம். ஒருநாள் அவள் வெள்ளைப் பைப் பாணை நீலப் பைக்குள் போட்டு மேசையில் வைத்தாள். அவர் சம்பலோடு நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு, பாணை விரலால் அமத்திக் காட்டி, "பாரும், இதுதான் பாண்," என்றார். அவள் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது, இரண்டு நாள் கதைக்கவில்லை, மூன்றாம் நாள் கடைக்குப் போய் திரும்பவும் நீலப் பையே வாங்கிவந்தார். தெரிந்துமா என்று கேட்டதற்கு, "தெரிஞ்சாப்போல வாய் கேக்குதே," என்றார். மகள் சின்னப்பிள்ளை அப்போது, அவளும் சிரித்தாள். நீலப் பை என்றால் இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு சிரிப்பு உண்டு.

போன் அடித்தது. மகள் நிருஜாதான், கல்கரியிலிருந்து, வேலைக்கு இடையில் எடுக்கிறாள். "அம்மா, நாளைக்கு எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி?" "பத்துக்கு." "அப்பா எங்க?" "காருக்குப் பற்றறி மாத்தப் போயிட்டார்." "கால் எப்பிடி இருக்கு?" யோகாம்பிகை காலைப் பார்த்தாள். அது யாருடைய காலோ மாதிரி மேசைக்குக் கீழே இருந்தது. "இருக்கு," என்றாள். "அம்மா, உங்கட குரல் ஒரு மாதிரி இருக்கு. சாப்பிட்டீங்களா?" "ஓம்." இன்னொரு முள். சொல்லிவிடலாமா என்று வந்தது, இஞ்ச பார், போத்தல் மாறிக் கிடக்குது என்று. சொன்னால் அவள் அங்கே வேலையை விட்டுவிட்டுப் பதறுவாள், பதறிக்கொண்டே படித்ததெல்லாம் சொல்வாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கும். நத்தார் கிறிஸ்மசுக்கு முந்தி ஒருநாள் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நீட்டி முழக்கினாளே. ஆயிரக்கணக்கான ஆட்கள் தங்கள் தங்கள் போனிலேயே புள்ளி போட்டிருக்கிறார்களாம், எடுக்க முந்தி நோ எவ்வளவு, எடுத்த பிறகு எவ்வளவு என்று, கூட்டிப் பார்த்தால் சாதிக்குச் சாதி பெரிய வித்தியாசம் இல்லையாம். யோகாம்பிகை விடவில்லை, அப்ப எனக்கு ஏன் வித்தியாசம் தெரிஞ்சது என்று கேட்டாள். அதற்கு நிருஜா கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகத்தான் சொன்னாள், "அது சரிதான் அம்மா. அந்த ஆக்களுக்கும் தாங்கள் என்ன எடுக்கிறம் எண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு போடுற புள்ளியை எப்பிடி நம்புறது? தெரியாமக் குடுத்துப் பாத்தாத்தான் உண்மை விளங்கும்." அப்போது குலசிங்கம் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பழத்தை அவளிடம் தர மறந்து தானே சாப்பிட்டார். அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. "அம்மா? கேக்குதா?" "கேக்குது மோனை. நான் கொஞ்சம் படுக்கப்போறன், பிறகு எடு," என்று வைத்தாள்.

வைத்த பிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது, ஹீற்றர் மட்டும் மூச்சுவிட்டது. போத்தலைத் திரும்ப எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். லேபலின் விளிம்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தது, எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஊதா மங்கியிருந்தது. புதுப் போத்தலுக்கு எப்படித் தேயும். நத்தாருக்கு முந்தியே இதில் எண்ணெய் அடியில் நின்றதைப் பார்த்தவள் அவள், இப்போது தை பிறந்து பொங்கலும் போய்விட்டது, போத்தல் கழுத்துவரைக்கும் இருக்கிறது. சாமி விளக்கும் அப்படித்தான், எண்ணெய் வற்றி அவள் கண்டதே இல்லை, குலசிங்கம் யாரும் காணாத நேரத்தில் ஊற்றிவிடுவார், வற்ற விடக்கூடாது என்பது அந்த மனுசனுக்குச் சின்னனிலிருந்து ஊறின பழக்கம். விளக்கு, உப்புச் சாடி, அரிசி வாளி, கார் பெற்றோல். அப்போ ஊதா கடையில் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லப் பயந்து, கடையில் இருந்த மஞ்சளை வாங்கி, இந்தப் போத்தலுக்குள். எவ்வளவு காலமாக. மணம் தெரியாது என்று அவருக்குத் தெரியும், ருசி தெரியாது என்று தெரியும், சோற்றுக்கு உப்புப் போட மறந்த அன்று அவள் பேசாமல் சாப்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்தவர். அவளுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய அளவுக்கு வரவில்லை, கோபமும் காலைப்போல் எங்கேயோ தூரத்தில் கிடந்தது, ஆனால் வந்தது. என்ர வாயைக் கேட்காமல் என்ர வாய்க்குள் ஊத்தியிருக்கிறார். அந்த நிலத்தில் நான் கிடந்ததைப் பார்த்தவர். பார்த்துவிட்டும். பிறகு அந்தக் கோபம் ஒரு இடத்தில் தடுக்கி நின்றது: பார்த்துவிட்டும் ஊற்றினவர் பிறகு என்ன செய்தார். என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக வந்தது. எண்ணெய் எடுக்க முந்தி கஞ்சி, எண்ணெய் எடுக்க முந்தி ஒரு பிடி சோறு, எத்தனையோ கிழமையாக ஒரே புராணம், "சாப்பிட்டிட்டுத்தான் எடுக்கவேணும்," என்று கோப்பையோடு வந்து முன்னால் நிற்பார், அவள் தகரம் தின்கிற மாதிரித் தின்பாள். வெறும் வயிற்றைப் பற்றி அவள் டொக்டரிடம் பொய் சொன்னபோது அவரும் அந்த அறையில்தான் இருந்தார், காட்டிக்கொடுக்காமல் மனதில் வைத்துக்கொண்டார். அது மட்டுமில்லை. எண்ணெய் எடுத்த பிறகு கட்டில் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார், கையைத் தாரும், குளிருது எண்டு சொன்னீரே, சூடு பிடிக்கட்டும் என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். உதடு அசையும். தேவாரம் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். கோயில் பொறுப்பை விட்டபிறகு திருநீறுகூட ஒழுங்காகப் பூசாத மனுசன், என்ர நோய் இவரைத் தேவாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டதே என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். தேவாரம் இல்லை. கண் எப்போதும் சுவர் மணிக்கூட்டில் இருந்ததே. அவர் நாடி எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் இல்லாத இன்றைக்குத்தான் அவள் சாப்பிடாமல் எடுத்திருக்கிறாள். கஞ்சி அடுப்பில் மூடிக் கிடக்கிறது, போகும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டே இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார், "மறக்காமல் குடியும், குடிச்சிட்டு எடும்." யார் தகரத்தைக் குடிப்பது என்று அவள் நேரே போத்தலுக்குப் போனாள். இப்போது நெஞ்சில் ஒரு அடி, கொஞ்சம் பலமாக. வந்துவிட்டதா. இது அதுவா, அல்லது அது வரும் என்று நினைத்ததால் வருகிற அடியா. எதென்று பிரித்துப் பார்க்க அவளிடம் ஒரு வழியும் இல்லை. அன்றைக்கும் அது மஞ்சளா, விரதமா, மருந்து ஏற்றின உடம்பா, முதல் தரம் கஞ்சா எடுக்கிறேன் என்கிற வெட்கமா, யாருக்குத் தெரியும். ஊதா வேலை செய்தது ஊதாவாலா, சோற்றாலா, இது படுக்க வைக்கிற சாதி என்று ஒரு பெட்டை சொன்னதாலா. பிறகு இந்த இத்தனை கிழமை நித்திரை, அது யாருடைய நித்திரை. லேபலின் நித்திரையா. அப்படியென்றால் லேபல் இப்போது போய்விட்டது, தெரிந்துவிட்டது, இன்றைக்கு எறும்புகள் படுக்காது, நாளைக்கும் படுக்காது, டொக்டர் பேனையைப் பார்த்தபடி சரி நிறுத்துவோம் என்பார். இன்னும் இரண்டே இரண்டு. தெரியாமல் இருந்திருந்தால் அந்த இரண்டும் முடிந்திருக்கும். மணமே, நீ ஒரு மாதம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். எழும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்து, அடுப்படிக்குப் போனாள். கஞ்சி ஆறியிருந்தது. சட்டியோடு எடுத்து, கரண்டியால், நின்றபடியே குடித்தாள், பயத்தில் குடித்தாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி. பாதியில்தான் அது உறைத்தது. உப்பு. கஞ்சியில் உப்பு வேண்டியதை விடக் கூட. கூட என்று தெரிகிறது. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, உப்புக் கூடத்தான், தேங்காய்ப்பாலும் தெரிகிறது, அடியில் கொஞ்சம் பிடித்த மணமும் தெரிகிறது. சமைக்கத் தெரியாத மனுசன் என்று நினைத்தாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை, சட்டியைக் கழுவி வைத்தாள்.

பிறகு கதிரையில் இருந்து நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்நோ எதிர்க் கட்டிடத்தை மறைத்துவிட்டது, பிறகு விலகியது, திரும்ப மறைத்தது. நெஞ்சு அடித்தது, அது எல்லாருக்கும் அடிக்கும். சுன்னாகத்துக் கதவு ஞாபகம் வந்தது, வந்து நின்றது, திறக்கவில்லை. குலசிங்கம் அந்தக் கதவுக்குப் பச்சை அடித்தவர், ஒரு பக்கம் அடித்து முடிக்க மழை வந்துவிட்டது, மற்றப் பக்கம் கடைசிவரைக்கும் பழைய நிறம்தான். அதை நினைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தாளோ தெரியாது, நினைவு கதவிலிருந்து பெயின்ற் வாளிக்கும், வாளியிலிருந்து அதில் பிறகு நட்ட கறிவேப்பிலைக்கும் போய், அங்கேயிருந்து எங்கேயோ போய்விட்டது. திரும்பி வந்தபோது கால் ஞாபகம் வந்தது. காலை அவள் மறந்திருந்தாள். குனிந்து பார்த்தாள். பெருவிரலில் ஒன்றிரண்டு நடமாடுகிறது, மற்றதெல்லாம் படுத்துவிட்டது. மஞ்சளுக்கு, தெரிந்துகொண்டு எடுத்த மஞ்சளுக்கு, படுத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, சந்தோஷம் உடனே வரவில்லை. நாளைக்கும் இப்படிப் படுக்குமோ தெரியாது. இன்றைக்குப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஊதாவென்று அவள் இவ்வளவு நாளும் கும்பிட்டுக்கொண்டிருந்தது எதை என்று மட்டும் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டு வந்தது. அது போத்தலுக்குள் இருக்கவில்லை, கட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தது.

வாசலில் திறப்புச் சத்தம் கேட்டது. குலசிங்கம் தொப்பியில் ஸ்நோவோடு உள்ளே வந்தார், கையில் கடைப் பை ஒன்று, அவளைக் கண்டதும் அதைக் கோட்டுக்குள் தள்ளினார். பின்னால் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது, நடைபாதைக் குளிர் வீட்டுக்குள் வந்தது. வேறு ஒரு நினைவுமில்லாமல், குளிருக்குத்தான், அவள் கேட்டாள்:

"கதவைப் பூட்டினீங்களோ?"

அவர் அப்படியே நின்றார். முகத்தில் இரத்தமில்லை. அடுத்த கணம் கோட்டும் கழற்றாமல், சப்பாத்தும் கழற்றாமல், இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வீட்டு நிலத்தில் சப்பாத்தோடு கால் வைத்ததில்லை, நேரே வந்து கதிரைக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விரல் ஐஸாக இருந்தது. கண் சுவர் மணிக்கூட்டுக்குப் போனது. உதடு அசையத் தொடங்கியது. சப்பாத்திலிருந்து அழுக்குத் தண்ணீர் கம்பளத்தில் இறங்கியது. அவள் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டினனான்," என்றார் இடையில். "எல்லாம் பூட்டிக் கிடக்கு. சாப்பிட்டனீரே?"

"கஞ்சி குடிச்சனான். உப்புக் கூட."

அவர் கண் மணிக்கூட்டை விட்டு அவளிடம் வந்தது. "உப்புத் தெரியுதோ?"

"தெரியுது. அதுக்கு முந்தித் தேசிக்காயும் தெரிஞ்சது."

அவர் கையை விடவில்லை. கோட்டுக்குள்ளிருந்த பையின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதற்குள் மஞ்சள் லேபல் தெரிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் யோகாம்பிகை. "அந்த நீலப் பைப் பாண், இப்பவும் மெத்தெண்டுதான் இருக்குதோ?"

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கினதும் தலையைக் குனிந்துகொண்டார், தொப்பியிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டியது.

"ஓம்," என்றார். "மெத்தெண்டுதான் இருக்கு."

"நாளைக்கு டொக்டர் கேட்டால் தாங்குது எண்டு சொல்லுறன். மிச்சம் இரண்டையும் ஏத்தட்டும். ஆனால் நீங்கள் இனிக் காருக்கு எண்டு சொல்லிப்போட்டு வேறெங்கயும் போகாதேங்கோ. எண்ணெய் எடுக்கிற நேரம் இஞ்ச இருக்கவேணும்."

"எண்ணினது விட்டுப்போச்சு," என்றார் குலசிங்கம். "கொஞ்சம் கதையாமல் இரும்." மணிக்கட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.